நான்கு பென்ஸ் இல்லாத இரவு: மேரி ஆன் நிக்கல்ஸின் வாழ்க்கை

லண்டனின் கிழக்குப் புறத்திலுள்ள வைட்சப்பலில், 1888ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி அதிகாலை ஒரு பெண் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார். அடுத்த பத்து வாரங்களில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் நான்கு பெண்கள் கொல்லப்பட்டனர். ஐந்து கொலைகளையும் ஒருவனே செய்தான் என்று பொதுவாக நம்பப்படுகிறது. அவன் யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஜாக் த ரிப்பர் என்ற பெயர் மட்டும் உலகமெங்கும் பரவிவிட்டது. அந்தப் பெயர்கூட, செப்டெம்பர் இறுதியில் ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதத்தின் அடியில் இருந்த கையொப்பம்தான். அந்தக் கடிதத்தை எழுதியவர் ஒரு பத்திரிகையாளராக இருக்கலாம் என்று அக்காலப் பொலிஸ் அதிகாரிகளே கருதினார்கள்.

இந்த வழக்கைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றி நிற்கிறது. அவன் மருத்துவனா, கசாப்புக்காரனா, அரச குடும்பத்தவனா? நூற்றுமுப்பது வருடங்களுக்கு மேலாக இந்த ஊகம் ஓயவில்லை. நான் அந்த ஊகங்களை விட்டுவிட்டு, அன்றைய பத்திரிகைகளில் வெளியான மரண விசாரணை அறிக்கைகளை வாசித்தேன். கொலையாளியைப் பற்றி அவற்றில் ஏறக்குறைய எதுவும் இல்லை. இறந்தவரைப் பற்றியோ நிறைய இருக்கிறது. அவருடைய தகப்பன், கணவன், உடன் தங்கியவர் எல்லோரும் சத்தியம் செய்து சாட்சி சொல்லியிருக்கிறார்கள். எங்கே பிறந்தார், எங்கே வாழ்ந்தார், எப்படி வீடிழந்தார், கடைசி இரவில் அவரிடம் எவ்வளவு பணம் இல்லை என்பதுவரை தெரிகிறது. உலகின் மிகச் செல்வந்த நகரம் தன் ஏழைகளை எப்படி நடத்தியது என்பதும் அந்தச் சாட்சியங்களுக்குள்ளேயே இருக்கிறது.

அந்தப் பெண்ணின் பெயர் மேரி ஆன் நிக்கல்ஸ். பழகியவர்கள் பொலி என்று அழைத்தார்கள்.

அச்சகத் தெருவில் ஒரு பிறப்பு

மேரி ஆன் 1845ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி, ஃபிளீட் ஸ்ட்ரீட்டுக்கு அருகிலுள்ள ஒரு குறுகிய சந்தில் பிறந்தார். தகப்பன் எட்வர்ட் வோக்கர் பூட்டுத் தொழிலாளி. பின்னர் கொல்லராகவும் வேலை செய்தார். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். ஃபிளீட் ஸ்ட்ரீட் பத்திரிகைகளின் தெரு. இரவு பகலாக அச்சு இயந்திரங்கள் ஓடிய இடம். நாட்டின் செய்திகள் எல்லாம் அச்சாகி வெளியேறிய தெருவின் ஓரத்தில் அவர் வளர்ந்தார். எழுதப் படிக்கவும் தெரிந்தது. அந்தக் காலத் தொழிலாளர் குடும்பத்துப் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் கிடைத்த வாய்ப்பல்ல அது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் அமைக்க வழி செய்த சட்டம் 1870இல்தான் வந்தது.

1864 ஜனவரியில், பதினெட்டு வயதில், அதே தெருவின் சென் பிரைட்ஸ் தேவாலயத்தில் அவருக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை வில்லியம் நிக்கல்ஸ் ஓர் அச்சுத் தொழிலாளி. சில காலம் தகப்பனோடு சேர்ந்து வாழ்ந்தார்கள். மொத்தம் ஐந்து பிள்ளைகள்.

1876 அளவில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு நல்ல காலம் வந்தது. தேம்ஸ் நதியின் தென்கரையில், ஸ்டாம்ஃபோர்ட் ஸ்ட்ரீட்டில் இருந்த பீபொடி குடியிருப்பில் இடம் கிடைத்தது. ஜோர்ஜ் பீபொடி என்ற அமெரிக்க வங்கியாளர் லண்டன் ஏழைகளுக்காக 1862இல் கொடுத்த நன்கொடையில் உருவான மாடிக் குடியிருப்புகள் அவை. சுத்தமான கட்டடம், ஓரளவு கட்டக்கூடிய வாடகை. ஆனால் அங்கே நுழைய நிலையான வருமானம் வேண்டும், நன்னடத்தை வேண்டும். ஏழைகளுக்காகக் கட்டப்பட்ட வீடுகளில் மிக ஏழைகளுக்கு இடமிருக்கவில்லை. மேரி ஆன் அந்த எல்லைக்கோட்டின் உள்ளே நான்கு வருடங்கள் வாழ்ந்தார். அவர் வாழ்ந்த கடைசி நிலையான வீடு அதுதான்.

ஐந்து ஷில்லிங்

1880இல் குடும்பம் உடைந்தது. ஏன் என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. கடைசிப் பிள்ளையின் பேற்றுக்குத் துணையாக வந்த பெண்ணோடு மருமகனுக்குத் தொடர்பு ஏற்பட்டதாகத் தகப்பன் சொன்னார். மனைவியின் குடிப்பழக்கமே காரணம் என்றும், அவள் தானாகவே பலமுறை வீட்டை விட்டுப் போனாள் என்றும் கணவன் சொன்னார். இரண்டும் ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். குடித்தார் என்பதைத் தகப்பனும் மறுக்கவில்லை.

காரணம் எதுவாக இருந்தாலும், அதன் பின் நடந்ததைத் தீர்மானித்தது சட்டம். 1857ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி, மனைவி பிற ஆணோடு உறவு கொண்டாள் என்று காட்டினாலே கணவன் விவாகரத்துப் பெறலாம். மனைவிக்கு அது போதாது. அதனோடு கொடுமை அல்லது கைவிட்டமை போன்ற வேறொரு குற்றத்தையும் அவள் நிரூபிக்க வேண்டும். வழக்குச் செலவோ தொழிலாளர் குடும்பங்கள் நினைத்தும் பார்க்க முடியாதது. ஆகவே ஏழைகள் விவாகரத்துச் செய்யவில்லை, பிரிந்தார்கள். பிரிந்தபோது வீடும் வருமானமும் ஆணிடம் இருந்தன. பிள்ளைகள் கணவனிடம் தங்கினார்கள். மூத்த மகன் பின்னர் பாட்டனாரோடு வாழ்ந்தான். மேரி ஆனுக்குக் கணவன் கிழமைக்கு ஐந்து ஷில்லிங் கொடுத்துவந்தார்.

1882இல் அதுவும் நின்றது. அவர் ஒழுக்கம் தவறி வாழ்கிறார் என்று கணவன் தரப்பு சொன்னது. ஏழைகளைப் பராமரிக்கும் அதிகாரிகள் கணவனிடம் பணம் அறவிட முயன்றார்கள், முடியவில்லை. நடத்தை தவறிய மனைவியைப் பராமரிக்கும் கடமை கணவனுக்கு இல்லை என்பதே அன்றைய நிலை. அதே 1882இல்தான், திருமணமான பெண்கள் தங்கள் பெயரிலேயே சொத்து வைத்திருக்கலாம் என்ற சட்டமும் நிறைவேறியது. சொத்து எதுவுமே இல்லாத பெண்ணுக்கு அதனால் ஒரு பயனும் இருக்கவில்லை.

அவருக்கு எஞ்சியிருந்தது வேர்க்ஹவுஸ். அரச செலவில் நடந்த ஏழையர் விடுதி அது. 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் அதற்கு ஒரு கொள்கையை வகுத்திருந்தது: உள்ளே இருக்கும் வாழ்க்கை, வெளியே உள்ள மிக வறிய கூலியாளின் வாழ்க்கையை விடவும் விரும்பத்தகாததாக இருக்க வேண்டும். அப்போதுதான் யாரும் விருப்பத்தோடு வரமாட்டார்கள் என்பது கணக்கு. உள்ளே போனால் சொந்த உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சீருடை அணிய வேண்டும். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பத்தைப் பிரித்து வைப்பார்கள். பழைய கப்பல் கயிறுகளை விரலால் பிரித்து நாராக்குவது போன்ற வேலைகள். 1880க்கும் 1888க்கும் இடையில் மேரி ஆன் லாம்பெத் வேர்க்ஹவுஸுக்குள் எத்தனையோ தடவை போய் வந்தார். நலன்புரி முகாம் என்ற பெயருக்குள் என்ன இருந்தது என்பதை அறிந்த எங்கள் சனத்துக்கு, உதவியும் தண்டனையும் ஒரே வாசலால் வருவதை நான் விளக்க வேண்டியதில்லை.

அலைந்த வருடங்கள்

1883இல் சில மாதங்கள் தகப்பன் வீட்டில் இருந்தார். குடியால் சண்டை வந்தது, வெளியேறினார். பின்னர் தோமஸ் ட்ரூ என்ற கொல்லரோடு 1887 வரை வாழ்ந்தார். அந்த வருடங்கள் ஓரளவு அமைதியாகக் கழிந்திருக்க வேண்டும். 1886 ஜூனில் அவருடைய சகோதரன் பரஃபின் விளக்கு வெடித்து எரிகாயங்களால் இறந்தபோது மேரி ஆன் செத்தவீட்டுக்குப் போனார். நல்ல உடையோடு, மரியாதையான தோற்றத்தில் வந்திருந்தார் என்பது தகப்பனின் சாட்சியத்தில் பதிவாகியிருக்கிறது.

ட்ரூவோடான வாழ்வும் முடிந்த பின்னர், 1887இன் இறுதியில் அவர் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் படுத்துறங்கினார். அந்த ஆண்டு அங்கே நூற்றுக்கணக்கான வீடற்றவர்கள் திறந்த வெளியில் உறங்கினார்கள். வேலையற்றோரின் கூட்டங்களும் அங்கேதான் நடந்தன. விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை நகரம் கொண்டாடியதும் அதே ஆண்டில்தான். நவம்பர் 13ஆம் திகதி, தடையை மீறி அங்கே வந்த ஊர்வலத்தைப் பொலிஸாரும் படையினரும் அடித்துக் கலைத்தார்கள். அந்த நாளுக்கு இரத்த ஞாயிறு என்று பெயர் வந்தது. அன்றைய பொலிஸ் ஆணையாளர் சார்ள்ஸ் வொரன். மறு ஆண்டு வைட்சப்பல் கொலைகளை விசாரித்த பொலிஸாருக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. கிழக்கு லண்டன் ஏழைகள் பொலிஸாரை ஏன் நம்பவில்லை என்பதற்கு இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1888 மே மாதத்தில் ஒரு கதவு திறந்தது. வேர்க்ஹவுஸ் மூலம் வொண்ட்ஸ்வேர்த்தில் ஒரு வீட்டில் வேலைக்காரியாகச் சேர்க்கப்பட்டார். வீட்டுக்காரர்கள் சமயப் பற்றுள்ளவர்கள், மது தொடாதவர்கள். அங்கிருந்து மேரி ஆன் தகப்பனுக்கு ஒரு கடிதம் எழுதினார். புதிய இடத்தில் சேர்ந்துவிட்டதாகவும், மரங்களும் தோட்டங்களும் உள்ள பெரிய வீடு என்றும், நல்ல மனிதர்கள் என்றும், தனக்குச் செய்ய அதிக வேலை இல்லை என்றும் அதில் எழுதியிருந்தார். மூத்த மகனின் சுகத்தையும் விசாரித்திருந்தார். தகப்பன் அன்பாகப் பதில் எழுதினார். அதன் பின் மகளிடமிருந்து கடிதம் வரவில்லை.

ஜூலை மாதம், மூன்று பவுண் பத்து ஷில்லிங் பெறுமதியான உடுப்புகளை எடுத்துக்கொண்டு அவர் அந்த வீட்டை விட்டுப் போய்விட்டார். குடிக்கு அடிமையான ஒருவருக்கு மதுவே இல்லாத வீடு தாங்க முடியாமல் போயிருக்கலாம். தனிமையும் காரணமாக இருக்கலாம். எதுவாயினும் அதோடு அந்தக் கதவு மூடிக்கொண்டது. வேர்க்ஹவுஸின் நற்சான்றோடு இன்னொரு வீட்டு வேலை இனிக் கிடைக்காது.

நான்கு பென்ஸ்

ஓகஸ்ட் தொடக்கத்தில் அவர் வைட்சப்பலுக்கு வந்தார். ஒரு மாதம்கூட அங்கே வாழவில்லை.

துறைமுகத்துக்கு அருகே, நகரச் செல்வத்தின் கொல்லைப்புறமாக இருந்த இடம் அது. 1881க்குப் பின் ரஷ்யப் பேரரசில் யூதர்களுக்கு எதிராக நடந்த கலவரங்களுக்குத் தப்பி வந்த ஏதிலிகள் ஆயிரக்கணக்கில் அங்கே குடியேறியிருந்தார்கள். நிலையான வீடில்லாதோருக்கு இரவு விடுதிகள் இருந்தன. வைட்சப்பல் பகுதியில் 233 விடுதிகளும் அவற்றில் ஏறக்குறைய 8,530 பேரும் இருப்பதாக 1888 ஒக்டோபரில் பொலிஸார் கணக்கிட்டார்கள். ஓர் இரவுக்கு ஒரு கட்டில் நான்கு பென்ஸ். காசு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். நேற்றுவரை ஒழுங்காகக் கொடுத்திருந்தாலும் இன்று இல்லையென்றால் வெளியேதான் நிற்க வேண்டும்.

மேரி ஆன் த்ரோல் ஸ்ட்ரீட் 18ஆம் இலக்க விடுதியில் எமிலி ஹொலண்ட் என்ற பெண்ணோடும் வேறு சில பெண்களோடும் ஒரே அறையில் தங்கினார். பின்னர் அருகிலிருந்த இன்னொரு விடுதிக்கு மாறினார். எமிலியின் சாட்சியத்திலிருந்து ஒரு மனுசியைக் காண முடிகிறது: சுத்தமானவர், யாரோடும் சண்டைக்குப் போகாதவர், தன் கவலையைத் தன்னோடு வைத்துக்கொண்டவர். பத்திரிகைகள் அவரைப் பாலியல் தொழிலாளி என்று எழுதின; பொலிஸாரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 2019இல் இந்த ஐந்து பெண்களின் வாழ்க்கையை எழுதிய வரலாற்றாசிரியர் ஹலி ரூபன்ஹோல்ட் அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று வாதிட்டார். மறுப்பவர்களும் உண்டு. ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. இரவில் வீதியில் நிற்கும் ஏழைப் பெண் யாரென்று அந்த நகரம் விசாரிக்காமலேயே முடிவு கட்டிவிட்டது.

ஓகஸ்ட் 31, அதிகாலை ஒரு மணி கடந்து இருபது நிமிடம் அளவில் அவர் மீண்டும் த்ரோல் ஸ்ட்ரீட் விடுதிக்கு வந்தார். நான்கு பென்ஸ் இல்லை. பொறுப்பாளர் வெளியே அனுப்பினார். மேரி ஆன் சிரித்துக்கொண்டே தன் கட்டிலை வைத்திருக்கும்படியும், காசோடு விரைவில் வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அன்று அவர் தலையில் ஒரு புதிய தொப்பி இருந்தது. அதையும் அவருக்குக் காட்டியிருக்கிறார்.

அந்த இரவில் துறைமுகப் பக்கம் பெருந்தீ பற்றியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிய எமிலி, இரண்டரை மணியளவில் வைட்சப்பல் ரோட் மூலையில் மேரி ஆனைக் கண்டார். சுவரில் சாய்ந்து தள்ளாடியபடி நின்றார். கட்டில் காசை அன்று மூன்று தடவை சம்பாதித்து மூன்று தடவையும் குடித்துவிட்டதாகச் சொன்னார். தன்னோடு வந்துவிடும்படி எமிலி கேட்டார். அவர் வரவில்லை. ஐந்து நாட்களுக்கு முன்புதான் அவருக்கு நாற்பத்துமூன்று வயது நிறைந்திருந்தது.

மூன்று மணி நாற்பது நிமிடமளவில், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வண்டிக்காரர் பக்ஸ் ரோ என்ற இருண்ட தெருவில் அவரைக் கண்டார். அந்தத் தெருவில் உறங்கியவர்களுக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்கவில்லை.

பாவாடையில் இருந்த முத்திரை

சடலம் தள்ளுவண்டியில் ஏற்றப்பட்டு, வேர்க்ஹவுஸுக்குரிய பிரேத அறைக்குக் கொண்டுபோகப்பட்டது. வைட்சப்பலுக்கு ஒழுங்கான பிரேத அறை இருக்கவில்லை. வேர்க்ஹவுஸில் தங்கியிருந்த இரண்டு ஏழை ஆண்கள் உடைகளைக் கழற்றினார்கள். தெருவிலிருந்த இரத்தத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் கழுவிவிட்டார். தடயங்கள் இப்படியே போயின. அவரிடம் இருந்தவை ஒரு சீப்பு, ஒரு வெள்ளைக் கைக்குட்டை, உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று. பெயர் சொல்லும் எதுவும் இல்லை.

உள்பாவாடையில் லாம்பெத் வேர்க்ஹவுஸின் முத்திரை குத்தப்பட்டிருந்தது. அந்த அடையாளத்தைக் கொண்டு அங்கே விசாரித்து, மேரி ஆன் மொங்க் என்ற பெண்ணை அழைத்து வந்தார்கள். அவர்தான் இறந்தவரை அடையாளம் காட்டினார். மறுநாள் கணவன் வந்து பார்த்தார். வாழ்நாளில் அவமானமாக இருந்த முத்திரை, இறந்த பின் அவருக்குப் பெயரை மீட்டுக் கொடுத்தது. ஒரு துணித் துண்டை வைத்து உறவை அடையாளம் காண அழைக்கப்பட்டவர்கள் எங்கள் மண்ணிலும் இருக்கிறார்கள். இந்த இடத்தை வாசிக்கும்போது என்னால் அடுத்த பக்கத்துக்கு உடனே போக முடியவில்லை.

மரண விசாரணை அதிகாரி வின் பக்ஸ்டர் செப்டெம்பர் 1ஆம் திகதி விசாரணையைத் தொடங்கினார். பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் இருந்த மண்டபத்தில், ஜூரிகள் முன்னிலையில் பல அமர்வுகள் நடந்தன. பொலிஸாரைக் கேள்வி கேட்டார். பிரேத அறையின் நிலையைக் கண்டித்தார். செப்டெம்பர் 17ஆம் திகதி அமர்வின்போது இரண்டாவது பெண்ணான ஆனி சாப்மனும் கொல்லப்பட்டிருந்தார். அவரும் கட்டில் காசு இல்லாமல் விடுதியிலிருந்து வெளியேறியவர்தான். அன்று ஜூரிகளின் தலைவர் எழுந்து, ஓகஸ்ட் தொடக்கத்தில் மார்தா டப்ரம் என்ற ஏழைப் பெண் கொல்லப்பட்டபோதே அரசு வெகுமதி அறிவித்திருந்தால் பிந்திய கொலைகள் நடந்திருக்காது என்றார். செத்தது பணக்காரர் என்றால் அறிவித்திருப்பார்கள் என்பது அவர் கருத்து. ஏழைகளுக்கும் மற்றவர்களைப் போல ஆன்மா உண்டு என்று சொல்லி, தன் பங்காக 25 பவுண் தரவும் முன்வந்தார். வெகுமதி வழங்கும் வழக்கத்தை உள்துறை அமைச்சு சில ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்டிருந்தது. எத்தனை பேர் கேட்டும் அமைச்சர் ஹென்றி மத்தியூஸ் இணங்கவில்லை.

இறுதித் தீர்ப்பு: இனந்தெரியாத ஒருவர் அல்லது பலரால் செய்யப்பட்ட கொலை.

பழி யார்மேல் விழுந்தது

இனந்தெரியாதவர் என்ற இடத்தை ஊர் விரைவில் நிரப்பியது. மேரி ஆன் இறந்த சில நாட்களில், தோல் மேலங்கி அணிந்த ஒரு யூதனே கொலைகாரன் என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. அந்த ஜனவரியில்தான் தொடங்கப்பட்ட த ஸ்டார் பத்திரிகை அதில் முன்னின்றது. தெருக்களில் யூதர்கள் தாக்கப்பட்டார்கள். ஜோன் பைசர் என்ற சப்பாத்துத் தொழிலாளி கைதுசெய்யப்பட்டார். மேரி ஆன் கொல்லப்பட்ட இரவில் அவர் நகரின் வேறொரு பக்கத்தில், வானத்தில் தெரிந்த அதே துறைமுகத் தீயைப் பற்றி ஒரு பொலிஸ்காரரோடு பேசிக்கொண்டு நின்றிருக்கிறார். விசாரணை மண்டபத்தில் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, குற்றமற்றவர் என்பதைப் பகிரங்கமாகப் பதிவு செய்தார் பக்ஸ்டர். செப்டெம்பர் 30ஆம் திகதி, யூதர்களைக் குறிப்பிட்டு ஒரு சுவரில் எழுதப்பட்டிருந்த வாசகத்தை விடியுமுன் அழிக்கச் சொன்னார் பொலிஸ் ஆணையாளர் வொரன். கலவரம் வெடிக்கும் என்ற பயமே காரணம். தடயத்தை அழித்தார் என்று இன்றும் அவரைக் குறை சொல்கிறார்கள். ஒரு வதந்தி ஒரு இரவில் என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் அவ்வளவு எளிதாகக் குறை சொல்லமாட்டார்கள்.

மறு ஆண்டு சார்ள்ஸ் பூத் தன் வறுமை ஆய்வின் முதல் தொகுதியை வெளியிட்டார். கிழக்கு லண்டன் மக்களில் ஏறக்குறைய 35 வீதத்தினர் வறுமையில் இருப்பதை அது காட்டியது. மேரி ஆன் தங்கிய தெருக்கள் அவருடைய வரைபடத்தில் மிகக் கீழான நிலையைக் குறிக்கும் கறுப்பு நிறத்தில் இருந்தன. பக்ஸ் ரோ 1892இல் டேர்வர்ட் ஸ்ட்ரீட் என்று பெயர் மாற்றப்பட்டது. அவப்பெயரை நீக்கப் பெயரை மாற்றினார்கள்.

கொலையாளி யார் என்று கேட்பதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் போனது மேரி ஆனுக்கு இழைக்கப்பட்ட இன்னொரு அநீதி. ஆனால் அந்த ஒரு கேள்விக்கு விடையில்லை என்பதால் மற்ற எல்லாம் இருட்டில் போய்விடவில்லை. கத்தி பிடித்த கையின் பெயர் தெரியாது. அவரை அதிகாலையில் அந்தத் தெருவுக்குத் தள்ளியவற்றின் பெயர்கள் தெரியும்: நின்றுபோன ஐந்து ஷில்லிங், குடி, ஏழையர் சட்டம், நான்கு பென்ஸ். இவை தெரிய வந்தது, பரம ஏழையின் சாவையும் பகிரங்கமாக விசாரித்தே ஆக வேண்டும் என்ற நடைமுறை இருந்ததால்தான். எமிலி ஹொலண்ட் போன்ற ஒரு பெண்ணின் வார்த்தை சத்தியத்தின் பேரில் பதிவானதும் அதனால்தான்.

மேரி ஆன் செப்டெம்பர் 6ஆம் திகதி லண்டன் நகரச் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார். தகப்பனும், கணவனும், இருபத்திரண்டு வயது மூத்த மகனும் சவ ஊர்வலத்தில் போனார்கள். நூற்றெட்டு வருடங்கள் கழித்து, 1996இல், அங்கே அவருடைய பெயரோடு ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது.